அந்தப் பக்கம் யாரு?

ஜெசிந்தாவின் லேப்டாப்பில் நீலன், தும்பி என்று இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் ஆளுக்குப் பாதி டிஸ்க்கில் குடியிருந்தன. நீலன் அவளுடைய கடிதங்களைக் கவனித்தது. தும்பி அவள் பாடுவதைப் பதிந்து வைத்தது. ஒன்று விழித்திருந்தால் மற்றது தூங்கும்.

புது வேலை கிடைத்ததும், ஆபீஸோடு இணைக்கும் வி.பி.என்.னை ஜெசிந்தா நீலனிடம் கொண்டுவந்து சேர்த்தாள். வந்ததும் வி.பி.என். சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"அந்தப் பக்கம் தூங்குறது யாரு? உனக்கு வேண்டியவங்களா?"

ஆமாம் என்றால் ஆபீஸில் தன்னையும் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று நீலன் பயந்தது.

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதவங்க இருக்கக் கூடாது" என்று வி.பி.என். அந்தப் பாதியை அழிக்க அனுமதி கேட்டது. ஜெசிந்தா அவசரத்தில் படிக்காமலே 'சரி'யை அழுத்தினாள்.

சனிக்கிழமை பாட உட்கார்ந்தவள் தும்பியைத் தேடி லேப்டாப்பைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் நீலன்தான் எழுந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அது வி.பி.என்.னிடம் சொன்னது:

"தும்பியும் நானும் நாலு வருஷமா ஒண்ணா இருந்தோங்க."

"அடடா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! தெரிஞ்சவங்கன்னா ரெண்டு பேருக்கும் அனுமதி உண்டு."

இப்போது முழு டிஸ்க்கும் நீலனுடையது. அந்தப் பாதியில் மட்டும் அது ஒரு ஃபைலைக்கூட வைப்பதில்லை.