மணிக்கட்டு வித்தை

அருப்புக்கோட்டை வீடியோ கேம் கடையில் ஜெயபாண்டியை வெல்ல ஆள் கிடையாது. அவனே சொல்லிக்கொள்வான்.

மிஷினின் ஜாய்ஸ்டிக் குச்சியை அரைவட்டமாகச் சுழற்றிப் பொத்தானை அமுக்கினான். திரையில் அவன் ஆள் நெருப்பைக் கக்கினான். அவனோடு மோதிய சங்கையா தன் குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்து, இரண்டு எண்ணி, முன்னால் தள்ளி அமுக்குவதற்குள் அவனுடைய ஆள் கருகி விழுந்தான்.

“ஏலே, தறி நெய்யுற மாதிரி இழுத்து இழுத்துத் தள்ளுற! இதுக்கு மணிக்கட்டு வேணும்லே. மூணு மாசம் கை கொப்புளிக்கப் பழகியிருக்கேன்” என்றான் ஜெயபாண்டி.

கடைக்காரர் ஐயாத்துரை எட்டிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, ரெண்டு பேரும் குச்சியப் போட்டு இந்தப் பாடு படுத்துறீக? போன வாரமே மிசினுக்குள்ள இருக்க கேம் போர்ட மாத்திட்டேன். சும்மா பொத்தான அமுக்குனாலே நெருப்பு வரும்.”

சங்கையா குச்சியை விட்டுவிட்டு ஒற்றை விரலால் பொத்தானைத் தட்டினான்.

ஜெயபாண்டி பழக்கதோஷத்தில் மணிக்கட்டைச் சுழற்றி முடிப்பதற்குள் அவன் ஆள் சாம்பலாகியிருந்தான்.