தென்மேற்குக் கதவு

“உலகப் பாதாளக் கோட்டைகளின் வரலாற்றில் இன்று ஒரு முக்கியமான நாள். எல்லாரும் செல்போனை அணைச்சிட்டு உட்காருங்க.”

அந்தோணி பிரகாஷ் இதை அறிவித்தபோது வரலாற்றின் சார்பில் மூன்று பேர் வந்திருந்தார்கள். இடம், இண்டூரில் கதிரவனின் உரக்கடைக்கு மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைக்கு விடுமுறை. யூரியா வாசனைக்கு இல்லை.

ஆட்டம் எளிதுதான். பிரகாஷ் ஒரு பாதாளக் கோட்டையை, அவர் மொழியில் ‘டன்ஜன்’, வரைந்து எடுத்து வருவார். மற்றவர்கள் வாள்வீரராகவும் மந்திரவாதியாகவும் வாயாலேயே அதற்குள் நுழைந்து பொக்கிஷத்தைத் தேட வேண்டும். பகடை சரியாக விழுந்தால் உயிர் தப்பலாம். வரைபடத்தைச் செய்தித்தாளால் மூடி வைத்து, அவர்கள் நுழைகிற அறையை மட்டும் பிரகாஷ் திறந்து காட்டுவார்.

திறப்பதற்கு முன்னால் ஓர் உரை உண்டு. சிலர் பழைய கோட்டைகளைப் பார்த்து வரைவார்களாம். சிலர் இணையத்தில் சுடுவார்களாம். இவருக்கு அதெல்லாம் பிடிக்காதாம். பாதாளம் என்றால் ஒழுங்கே இருக்கக் கூடாது, எந்த மூலையில் எது வரும் என்று வரைகிற கைக்கே தெரியக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

“இன்னைக்கும் ஈசியா பொக்கிஷத்த எடுத்துட்டீங்கன்னா, இனி நான் டன்ஜன் வரையறதா இல்லீங்க” என்று முடித்தார்.

சும்மா சொல்கிற ஆள் இல்லை. முன்பு ஒரு முறை டீ வருவதற்குள் பொக்கிஷத்தை எடுத்துவிட்டார்கள் என்று அந்த மழைக்காலம் முழுக்க அவர் வரவே இல்லை. அந்த இடைவெளியில் கதிரவன் ஒரு கோட்டை வரைந்தான். அதில் ஒரே அறை. அறைக்குள் ஒரு பெருச்சாளி.

அமுதா அந்த மிரட்டலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்ஸ். வாரத்தில் இந்த ஒரு மதியம்தான் அவளிடம் யாரும் மாத்திரையும் கேட்பதில்லை, குழம்பும் கேட்பதில்லை. இந்த மனிதர் பென்சிலும் கையுமாக உட்காருவதால் கிடைக்கிற மதியம் அது. காலையில் சர்ச் பூசையில் அவர் பெயரையும் சேர்த்துத்தான் ஜெபித்துவிட்டு வந்திருந்தாள்.

செய்தித்தாள் விலகியது. நடுக்கூடம். கோடுகள் நூல் பிடித்த மாதிரி இருந்தன. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்குக் கால்வட்டம்கூடப் போட்டிருந்தார். மூலைக்கு ஒரு கதவு.

“தென்மேற்குல போலாங்க” என்றாள் கவிப்பிரியா. கல்லூரி மாணவி, ஆட்டத்துக்குப் புதுசு. “பெரிய பூட்டா தொங்குது. உள்ள என்னமோ இருக்குது.”

“அது வேணாம். தென்கிழக்குல போலாம்” என்றாள் அமுதா.

“அங்கிருந்து பொகை வருதேக்கா.”

“வரட்டும். குளிருக்கு நல்லது.”

கதிரவனும் புகைக்கே ஓட்டுப் போட்டான்.

தென்கிழக்கு அறையில் டிராகன் இருந்தது. கதிரவனின் மந்திரவாதி தாடியோடு கருகினான். மிச்சமிருந்த கவிப்பிரியாவை அமுதா வடகிழக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே ஓர் ஆழமான கிணறு, கிணற்றுக்குள் ஒரு பாம்பு. கவிப்பிரியா மறுபடியும் தென்மேற்கு என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள், தான் கிணற்றில் குதித்துவிட்டதாக அமுதா அறிவித்தாள். காப்பாற்றப் போன கவிப்பிரியாவையும் பாம்பு விழுங்கியது.

பிரகாஷ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“அமுதா, உங்கள மாதிரி ஆடறவங்க கிடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னும் பெருசா வரையறேன்.”

“ரொம்ப நன்றிங்கண்ணா” என்றாள் அமுதா. அதில் நடிப்பு துளியும் இல்லை.

அவர் பைக்கில் கிளம்பிப் போன பிறகு, பஸ் நிறுத்தத்தில் கவிப்பிரியா பொருமினாள். முதல் நாளே செத்துப்போனதை அவளால் தாங்க முடியவில்லை.

“அந்தக் கதவத் தொடவே விடலையேக்கா நீங்க.”

“பொக்கிஷம் அங்கதாம்மா இருக்குது. அவரு வரையற எல்லா டன்ஜன்லயும் அங்கதான். நெருப்பு தென்கிழக்குல, தண்ணி வடகிழக்குல. எடுத்துட்டோம்னா ஆட்டம் நின்னுடும். அப்புறம் பெருச்சாளிதான்.”

“எந்த மூலையில எதுன்னு வரையற கைக்கே தெரியாதுன்னாரே?”

“பொய் சொல்ற ஆள் இல்ல. அவருக்கு இன்னும் தெரியாது.”

வார நாட்களில் அந்தோணி பிரகாஷ் பாலக்கோட்டில் வாஸ்துப்படி வீட்டு பிளான் போட்டுத் தருகிறார்.