கை நனைத்த சம்பந்தி

"இன்னும் கொஞ்சம் சோறு போடுறீங்களா தங்கச்சி?" என்று மாப்பிள்ளையின் அப்பா தட்டை நீட்டியதும் ராசம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். தங்கச்சி என்று முறை வேறு வைத்துவிட்டார்.

சாதாரண விஷயமா இது? பெண் பார்க்க வருகிறவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள், வடையில் ஓரம் பிய்ப்பார்கள், எழுந்து போவார்கள். சம்பந்தம் பிடித்தாலொழிய அந்த வீட்டுச் சோற்றில் கை நனைக்கவே மாட்டார்கள்.

தை மாதம் வந்த கூட்டமும் மாசியில் வந்த கூட்டமும் தேத்தண்ணியோடு எழுந்து போனதைத் தோட்டத்து லயத்தின் அத்தனை வீடும் பார்த்தது. பார்க்காதவர்களுக்குப் பக்கத்து வீட்டு லோஜினி சொல்லியிருப்பாள் என்பது ராசம்மாவின் நம்பிக்கை. ராசம்மாவாக இருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பாள்.

இன்றைக்குத் தரகர் பழனியாண்டி சொன்னபடியே வெள்ளை வேன் வந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். "ஃபோன்ல சொன்னோமே, இந்த வீடுதானே?" என்றார் பெரியவர். "இதேதாங்க, வாங்க வாங்க" என்று ராசம்மா இஸ்தோப்புத் திண்ணையில் புதுப் பாயை விரித்தாள்.

தேத்தண்ணித் தட்டோடு மகள் நிலுக்ஷி வெளியே வரக்கூட இல்லை. "முதல்ல சாப்பிட்டுருவோமா? பசி உயிர் போவுது" என்று மாப்பிள்ளையின் அம்மாவே வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

ராசம்மா குசினிக்குள் ஓடிப் புருஷன் கையைக் கிள்ளினாள். "சோறு கேக்குறாங்க! அவுங்களே கேக்குறாங்க! நான்தான் சொன்னேன்ல, முட்டை போடுற கோழின்னு பாக்காம ரெண்டையும் அடிங்கன்னு?"

பொன்னையா இன்னும் கோழிகளின் துக்கத்தில் இருந்தார். "தரகரக் காணோமே புள்ள? வந்தவங்க பொண்ணு பேரக்கூடக் கேக்கல."

"தரகர் வந்தா ஒரு கோழிக்காலு கொறையும். பேசாம அந்தச் சட்டியத் தூக்குங்க."

ராசம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. சீசனுக்கு நுவரெலியா போகிறவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு போடுகிறேன் என்று லோஜினி போன மாதம்தான் பாதை முக்கில் ஒரு பலகை நட்டிருந்தாள். சம்பந்தி வருகிற வழியில் சாப்பாட்டுக் கடைப் பலகையா? விடிந்ததும் விடியாததுமாக அதைப் பிடுங்கி வந்து விறகுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் ராசம்மா முகமே கழுவினாள்.

அந்த லோஜினி இப்போது வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, முக்குல நம்ம போர்டக் காணோங்க. பாத்தீங்களா?"

"காத்து தூக்கியிருக்கும். எனக்கு சம்பந்தி வந்திருக்காங்க, கைவேலையா இருக்கேன். அப்பறமா வா."

லோஜினியின் வாசலில் வாழையிலைகள் கழுவிக் கவிழ்த்தபடி காத்திருந்தன. மூடிய சட்டிகளைச் சுற்ற ஒரு ஈகூட வரவில்லை. 'பாவம், வியாபாரம்னா சும்மாவா' என்று ராசம்மா மனதுக்குள் இரக்கப்பட்டாள். அது வேலிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

பாயில் விருந்து களைகட்டியிருந்தது. மாப்பிள்ளைப் பையன் நிலுக்ஷியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கோழிக்குழம்பைத்தான் சட்டியைத் திருப்பித் திருப்பி ஃபோனில் படம் பிடித்தான். கூச்ச சுபாவம், குடும்பத்துக்கு ஏற்ற பையன் என்று ராசம்மா தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

"இந்தப் போஞ்சிப் பிரட்டல் யாரு செஞ்சது?" என்றார் அந்த அம்மா, விரலைச் சப்பியபடி.

"எல்லாமே எங்க நிலுக்ஷிதாங்க. என்னய அடுப்புக்கிட்ட அண்ட விடமாட்டா."

அடுப்பு மூட்டவே அம்மாவைக் கூப்பிடுகிற நிலுக்ஷி தலையைக் குனிந்துகொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அது வெட்கமாகத்தான் தெரிந்தது.

"இந்தக் கையிய எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம் போல இருக்கு!" என்றார் அந்த அம்மா.

ராசம்மாவுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொரித்த கருவாட்டையும் கொண்டுவந்து வைத்தாள். அது நாளைக்கென்று எடுத்து வைத்தது.

கடைசியாகப் பெரியவர் எழுந்து கை கழுவினார். "எங்க எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு தங்கச்சி. அடுத்த ஞாயித்துக்கிழமை சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிக்கிட்டு இருபது பேரா வாறோம்."

"இருபது பேரா! தாராளமா வாங்கண்ணே!" அந்த இருபது மட்டும் வேலியைத் தாண்டி, லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போனது.

பொன்னையாவே நம்பிவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தினார்.

பெரியவர் கைப்பையைத் திறந்தார். பிடித்துப்போன பெண்ணின் கையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவது முறைதானே? "முன்னுக்குப் போடி, கையிய நீட்டு" என்று ராசம்மா மகளைத் தள்ளினாள். லோஜினிக்கு மறைக்காமல் இருக்கட்டும் என்று தானும் இரண்டடி ஒதுங்கி நின்றாள்.

பெரியவர் நிலுக்ஷியைத் தாண்டி, ராசம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"லோஜினி தங்கச்சி, பில்லு எவ்வளவு?"