பின்கதவில் ஒரு நாற்காலி

“கதவைச் சாத்துங்க பெரியம்மா! முன்னால எண்ணெய் கொதிக்குது, பின்னால முதுகு உறையுது!”

கரண்டியை ஆட்டிக்கொண்டே கத்தினாள் பிரிட்டா.

பின்கதவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சிக்னி பெரியம்மா அசையவில்லை. தடிக் கோட்டு, காதை மூடிய தொப்பி. கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு கால் வெளியே, பனியில்.

“கொஞ்சம் காத்து வரட்டும்மா.”

“காத்தா இது? கத்தி!”

தவக்கால வெள்ளிக்கிழமை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் மீன் விருந்து. வடக்கு மினசோட்டாவில் மார்ச் மாதம் பேருக்குத்தான் வசந்தம். ஏரி இன்னும் பாறையாகக் கிடந்தது.

அடுப்புக்கு மேலே பளபளவென்று புது மின்சாரச் சிம்னி. பிரிட்டாவின் கணவன் லெய்ஃப், சுரங்க வேலை முடிந்து வந்து, தானே பொருத்திக் கொடுத்தது. ஒரே இழுப்பில் புகையெல்லாம் காணாமல் போகும். பாதிரியார் ஆராதனையில் பேர் சொல்லி நன்றி சொன்னதிலிருந்து, பிரிட்டா அந்தச் சிம்னியைத் தினம் ஒரு தடவை துடைத்துவிடுவாள்.

“எல்லாம் வயித்தெரிச்சல்,” என்று காதைக் கடித்தாள் டெலோரஸ் அக்கா. “எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாலேருந்து இங்கே கரண்டி பிடிச்ச கை. இந்த வருஷம் அது உன் கைக்கு வந்துடுச்சு இல்லே? போன வாரம் நீ அந்தப் பக்கம் போனதும் சிம்னியவே அணைச்சுட்டாங்க, தெரியுமா?”

“அணைச்சாங்களா!”

அப்போது பக்கத்து அறையில் குழந்தை இருமினான். சமையலறையை ஒட்டிய, கட்டடத்தையே சூடாக்கும் பாய்லர் இருக்கிற அறை. கதகதப்பாக இருக்கும் என்று பிரிட்டா மகன் நெல்ஸை அங்கேதான் தூங்கப் போட்டிருந்தாள். அந்த இருமலோடு அவள் பொறுமையும் போனது.

“பெரியம்மா, என் மேல கோபம்னா என்னைத் திட்டுங்க. பச்சப்புள்ள உங்களை என்ன பண்ணிச்சு? குளிர் தாங்காம இருமறான்.”

“அவனை வேற இடத்துல படுக்க வையேன்மா.”

“எங்கே? உங்க மடியிலயா, பனிக்குள்ள?”

யாரோ சிரித்தார்கள். பெரியம்மா முகம் சிவந்தது.

“சிம்னி ஓடும்போது மட்டுமாவது இந்தக் கதவு...”

“சிம்னியைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க! என் வீட்டுக்காரர் ராத்தூக்கம் கெட்டுச் செஞ்சது. எழுந்திருங்க. வீட்டுக்குப் போங்க. சாப்பாடு அக்கா கொண்டு வந்து தருவாங்க. அடுத்த வாரமும் நீங்க வர வேண்டாம்.”

வரிசையில் தட்டோடு நின்றவர்கள் எல்லாரும் வெறும் தட்டுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்கள். பெரியம்மா வாயைத் திறந்தாள். அத்தனை பேரையும் ஒரு முறை பார்த்தாள். மூடிக்கொண்டாள். வழுக்கும் பனியில் அந்த வயதுக்கு இல்லாத வேகத்தில் நடந்து போனாள்.

பிரிட்டா கதவைச் சாத்தினாள். இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. தானாகவே பட்டென்று போய் ஒட்டிக்கொண்டது.

நாலைந்து ஈடு மீன் இறங்கியது.

“பாத்தீங்களா அக்கா? கதவைச் சாத்தினதும் இருமலே இல்லை. எவ்வளவு சுகமா தூங்கறான்!”

“எனக்குத்தான் தலை கிர்ருங்குது. எண்ணெய் வாடை போல.”

பின்கதவு குலுங்கியது. யாரோ வெளியிலிருந்து இழுத்தார்கள். திறக்கவில்லை. உள்ளே ஒருவன் பிடித்துக்கொண்டிருப்பதுபோல அடம் பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தார் கட்டட இன்ஸ்பெக்டர் கோஸ்கி. அவருக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, சிக்னி பெரியம்மா.

“போட்டுக் குடுத்துட்டாங்க பாரு!” என்றாள் டெலோரஸ்.

கோஸ்கி அடுப்பை நோக்கிப் பாய்ந்தார். சிம்னியை அணைத்தார். நேரே பாய்லர் அறைக்குள் போனார். அவர் இடுப்பில் மாட்டியிருந்த சின்னக் கருவி விடாமல் அலறியது. நெல்ஸை வாரிக்கொண்டு வந்தார். குழந்தையின் தலை அவர் தோளில் துவண்டு கிடந்தது.

“நெல்ஸ்!”

“எல்லாரும் வெளியே வாங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!”

பனியில் நின்று பிரிட்டா மகனை உலுக்கினாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. அப்புறம் வீறிட்டு அழுதான். அதைவிட நல்ல சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

“இவ்வளவு காத்தை வெளியே தள்ளற சிம்னி வெச்சா, அதே அளவு காத்து உள்ளே வர வழி வைக்கணும்மா. அதுதான் சட்டம்,” என்றார் கோஸ்கி. “வழி இல்லைன்னா, மேலே போக வேண்டிய பாய்லர் புகையை அது உள்ளே இழுத்துடும். அந்த விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, இந்தக் கருவிக்குத்தான் தெரியும். போன மாசமே வந்து பாத்தேன். சமையலறையைப் பூட்டுங்கன்னேன். அன்னிக்கு இங்கே இருந்தது அவங்க மட்டும்தான்.”

கதவருகில் நின்ற பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்... ஏன் என்கிட்ட யாருமே சொல்லலை?” பிரிட்டா மகனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

“நான் சொல்றேன்னுதான் கிளம்பினேன். அவங்க விடலை. ‘புருஷன் செஞ்சதை நினைச்சு அந்தப் பொண்ணு பூரிச்சுப் போயிருக்கா. சபை நடுவுல அவ தலை குனியக் கூடாது. சுவத்துல வழி வைக்கிற வரைக்கும் கதவை நான் பாத்துக்கறேன்’னு சொன்னாங்க.”