ஒரு நிமிட மௌனம்

“ராணுவம் உங்க ஊரைப் பிடிச்சதுக்கு, உங்க ஆளுங்க முதல்ல சுட்டதுதானே காரணம்?”

டி.வி.யில் பேட்டியாளர் கேட்க, பெரியவர் தலைகுனிந்து மௌனமாக இருந்தார்.

“பாத்தீங்களா, வாயடைச்சுப் போயிட்டார்! நியாயம் இருந்தா பேச மாட்டாரா?” என்றாள் மனைவி.

காலையில் அந்தப் பேட்டியை ஒலிப்பதிவு செய்தவன் அவள் கணவன்தான். எடுத்த கவளம் அவன் வாய்க்குப் போகவில்லை.

போன் அடித்தது. பெரியவர்.

“தம்பி, அந்தக் கேள்விக்கு என் பேத்தி செத்தது வரைக்கும் விலாவாரியாச் சொன்னேனே! எல்லாம் முடிஞ்சப்புறம், ‘ஆள் பேச்சில்லாம வெறும் ரூம் சத்தம் கொஞ்சம் பதிவு பண்ணணும், ஒரு நிமிஷம் பேசாம இருங்கய்யா’ன்னு நீங்கதானே கேட்டுக்கிட்டீங்க? உங்க வார்த்தைக்காக உட்கார்ந்திருந்தேன். அதையா தம்பி என் பதில்னு போட்டுட்டாங்க?”

“யாருங்க போன்ல?” என்றாள் மனைவி.

அவன் தலைகுனிந்து மௌனமாக இருந்தான்.