மூன்றாவது உல்லாசப் பயணம்

"போட்ல ஏறுவோமா புள்ள?"

செல்லசாமி கேட்டதும் பூரணி ஓரடி பின்வாங்கினாள். கிரகரி வாவியின் கரையோரம் அன்னம்போலச் செய்த மிதிபடகுகள் ஆடிக்கொண்டு நின்றன.

"வேணாங்க. தண்ணியக் கண்டாலே எனக்குத் தல சுத்தும்."

"நான்தான் பக்கத்துல இருக்கேன்ல. வா."

அவன் பக்கத்தில் இருப்பதுதான் அவளுக்குப் பயம். காலையில் பூண்டுலோயாவில் பஸ் ஏறியதிலிருந்து புருஷன் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. ஜன்னலோர சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். நுவரெலியா டவுனில் இறங்கியதும் ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தான். அவித்த சோளம் வாங்கி, சூடு ஆற ஊதிக்கூடக் கொடுத்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கைகளில் இத்தனை இதம் இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

இதற்கு முன் இரண்டே இரண்டு தடவைதான் அவன் அவளை உல்லாசமாக வெளியே கூட்டிப் போயிருக்கிறான்.

முதல் தடவை கண்டிக்கு. மகள் கிருஷாந்தி அப்போதுதான் நடை பழகியிருந்தாள். பேராதெனியப் பூங்காவில் இருவரும் கைகோத்து நடந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிவிட்டு மெதுவாகச் சொன்னான்: "ஏஜென்சி ஆள் வந்திருந்தாரு. நீ ரெண்டு வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ட்டு வந்துட்டா நம்ம கஷ்டமெல்லாம் தீந்துரும்."

இரண்டாவது தடவை திருகோணமலைக்கு. கடலில் கால் நனைத்துச் சிரித்துக்கொண்டு நின்றவளிடம் அங்கேயே சொல்லிவிட்டான். அந்தச் சிரிப்பு சவூதியில் ஒரு வீட்டில் போய் முடிந்தது. சட்டைக் காலரில் மடிப்பு விழுந்துவிட்டது என்று அந்த வீட்டு அம்மாள் சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் முழங்கையில் வைத்தாள்.

இது மூன்றாவது தடவை.

போன வாரத்திலிருந்தே அவன் போக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வேலை விட்டு வந்ததும் நேரே அடுப்படிக்கு வந்தான். ரொட்டிக்கு மா பிசைவது எப்படி, பருப்புக்கு எப்போது உப்புப் போடுவது என்று கேட்டுக் கேட்டுச் செய்து பார்த்தான். தன் துணியைத் தானே துவைத்தான். "குடுத்து வச்சவடி நீ" என்று, வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு பெருமூச்சு விட்டாள். பூரணிக்கோ சோறு இறங்கவில்லை. பெண்சாதி இல்லாமல் குடும்பம் நடத்த அவன் பழகிக்கொள்கிறான் என்று அவளுக்கு அப்போதே உறைத்துவிட்டது.

படகுக்கு டிக்கெட் வாங்கும்போது அவன் போன் அடித்தது. அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் பேசினான். காற்று அவள் பக்கமாக வீசியது.

"இல்லீங்க சார், வீட்டுல இன்னும் சொல்லல. இன்னைக்கு எப்படியும் சொல்லிருவேன். மெடிக்கல் செக்கப் திங்கக்கிழமதானுங்களே?"

பூரணியின் வலது கை தானாகப் போய் இடது முழங்கையைப் பொத்திக்கொண்டது.

படகில் ஏறினார்கள். மிதிக்க மிதிக்கக் கரை பின்னால் போனது. மலைப்பக்கமிருந்து இறங்கிய பனிமூட்டம் முதலில் மரங்களை மறைத்தது, பிறகு கரையில் நின்ற குதிரைகளை, பிறகு கரையையே. ஆள் சத்தம் அடங்கிப்போனது. இருவரும் தண்ணீருமாக மிஞ்சினார்கள்.

"நம்ம கிருஷாந்தி நல்லாப் படிக்கிறா, இல்ல?"

"ம்."

"மேல படிக்க வைக்கணும் புள்ள. அவளும் தோட்டத்தோட நின்னுறக் கூடாது."

குவைத்துக்கு அனுப்பியபோதும் பிள்ளையின் பெயரில்தான் பேச்சைத் தொடங்கினான். பூரணியின் கால்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டன. அவனும் நிறுத்தினான்.

"பூரணி, உங்கிட்ட ஒண்ணு..."

"சொல்லாதீங்க!"

கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவனிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

"நான் போக மாட்டேங்க. இப்பவே இந்தத் தண்ணியில புடிச்சுத் தள்ளிவிட்டாலும் சரி, போக மாட்டேன். நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு தடவையும் தலையாட்டிட்டுப் போனேன். அந்தச் சவூதி வீட்டுல கதவு தொறக்குற சத்தம் கேட்டாலே ஒடம்பெல்லாம் நடுங்கும். போன்ல அழுதப்ப, 'கொஞ்சம் பொறுத்துக்க'ன்னுதான சொன்னீங்க? இனிமே என்னால முடியாது. இங்கயே கொழுந்து பறிச்சு, இங்கயே கெடந்து சாகுறேன்."

மூச்சு வாங்கியது. அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள். செல்லசாமி படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"உன்னைய யாரு போகச் சொன்னா?" என்றான். "கட்டாருக்குப் போறது நான். லயத்துல வச்சுக் கேக்க வெக்கமா இருந்துச்சு, அதான் இவ்வளவு தூரம் கூட்டியாந்தேன்... எனக்கு ரொம்பப் பயமா இருக்கு பூரணி, அங்க போய் எறங்குன அன்னைக்கு நீ எப்படிப் புள்ள தூங்குன?"