பெயருக்கு முன்னால் ஒரு கோடு

2014இல் நெய்வேலி பதினாறாம் வட்டத்தில் ஒரு தொழிற்சங்கத்துக்கு வெப்சைட் செய்தேன். கோப்பின் பெயருக்கு முன்னால் கீழ்க்கோடு போட்டால் அது தனிப் பக்கமாகத் திறக்காது. இன்னொரு பக்கம் அதைப் பெயர் சொல்லி அழைத்தால் அந்தப் பக்கத்துக்குள் தெரியும். கான்ட்ராக்ட் ஆட்களின் கோப்புகளுக்கெல்லாம் அப்படித்தான் பெயர் வைத்தேன். நானும் கான்ட்ராக்ட்தான், எனக்கும் கோடுதான்.

சுரங்கத்தில் மண் சரிந்து இறந்த கான்ட்ராக்ட் தொழிலாளி பாவாடையின் மனைவி தனம் போட்டோ கொண்டுவந்தார்.

“அவருக்குத் தனியா ஒரு பக்கம் போடுங்க.”

“பர்மனென்ட் ஆளுங்களுக்குத்தாங்க தனிப் பக்கம்.”

மறுநாள் பர்மனென்ட் ஆட்கள் எல்லோருடைய பக்கத்திலும் பாவாடையின் முகம் இருந்தது. எந்தப் பக்கமும் அவரை அழைத்திருக்கவில்லை. அவர் பெயரிலிருந்து கோட்டை நீக்கினேன். மற்ற பக்கங்களிலிருந்து முகம் மறைந்தது. அவருடைய பக்கம் தனியாகத் திறந்தது.

அதன் அடியில் என் முகம் இருந்தது, மண் படிந்த ஹெல்மெட்டோடு. நான் மைன்ஸுக்குள் இறங்கியதே இல்லை.